தாலாட்டுப் பாடிய எக்காளம்

எக்காளத்தையும் கிற்றாரையும் ஒரே மேடையில் இருத்தி, வேறெந்த வாத்தியத்தின் துணையுமின்றி ஒரு முழுக் கச்சேரி நிகழ்த்தலாம் என்று யாராவது சொன்னால், இசையறிந்தவர்கள் முதலிலே சிரிக்கவே செய்வர். ஒன்று போர்க்களத்திலும் கோட்டை வாயிலிலும் அரசனின் வருகையை அறிவித்து வளர்ந்தது. மற்றது வீட்டு முற்றத்திலும் மதுச்சாலையிலும் நாவிதர் கடையிலும் வளர்ந்தது. நாதஸ்வரத்தையும் வீணையையும் ஒரு சிறு அறைக்குள் எதிரெதிரே இருத்தினால் என்ன நேருமோ அதுவே இங்கும் நேரும் என எதிர்பார்ப்பது இயல்பு. எக்காளம் முழுமூச்சோடு ஒருமுறை வாய் திறந்தால், கிற்றாரின் ஆறு தந்திகளும் அதிர்வது கண்ணுக்குத் தெரியுமேயன்றிக் காதுக்கு எட்டாது.

ஆயினும் மேனாட்டிலே சில கலைஞர்கள் இந்த இணையைத் துணிந்து மேடையேற்றி வருகின்றனர். அத்தகைய கச்சேரியொன்றை ஜேர்மனியின் ரூர்ப் பிரதேசத்துச் சிறு நகரொன்றிலே கேட்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. கச்சேரி நடந்த இடம் முன்னர் நிலக்கரிச் சுரங்கமொன்றின் குளிப்பு மண்டபமாக இருந்தது. சுரங்கத்துக்குள் இறங்குமுன் தொழிலாளர் தமது நல்லுடைகளைக் கொளுக்கியில் மாட்டிச் சங்கிலியால் கூரைவரை இழுத்து உயர்த்திவிட்டுச் செல்வார்களாம். கரி படிந்து ஏறி வந்து, குளித்தபின் அவற்றை இறக்கி அணிவார்களாம். சங்கிலிகளிற் சில இன்றும் அங்கே தொங்குகின்றன. ஜேர்மனியின் கடைசிக் கருநிலக்கரிச் சுரங்கம் 2018ஆம் ஆண்டு டிசெம்பரிலே அந்தப் பிரதேசத்துப் பொட்ரொப் நகரில் மூடப்பட்டது. அதற்கு முன்னரே இத்தகைய மண்டபங்கள் சில கலையரங்குகளாக மாறத் தொடங்கிவிட்டன. சுரங்கம் போன இடத்தில் இசை வந்தது நல்லதுதானே என்று கேட்கலாம். வேலை போனவனுக்குக் கச்சேரி ஈடாகுமா என்றும் கேட்கலாம். எனக்கு இரண்டாவது கேள்வியே முதலில் எழுந்தது.

'அறை இசை' என்று மேனாட்டார் குறிப்பிடும் இந்த வடிவம் பிறந்த அறை யாருடைய அறை என்பதையும் மறந்துவிட முடியாது. பிரபுவின் மாளிகையிலே, விருந்தினர் சிலர் சூழ, சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட வாத்தியக்காரர் வாசித்தது அது. ஹைடன் போன்ற ஒரு மேதையே எஸ்ற்றர்ஹாஸி குடும்பத்தின் ஊழியராக, ஊழியருக்குரிய சீருடை அணிந்து, ஏறத்தாழ 30 ஆண்டுகள் வேலை செய்தவர். இதனைக் காட்டி, அறை இசை முழுவதுமே பிரபுத்துவத்தின் மிச்சம், உழைக்கும் மக்களுக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை என்று வாதிடும் நண்பர்கள் நம்மிடையே உளர். இசைக்கு வர்க்கமேது, அது தூய ஒலியின்பம் என்று கண்ணை மூடிக்கொள்வோர் மறுபுறம் உளர். இரு சாராருமே வாத்தியத்தைக் கையில் எடுத்துப் பார்க்கவில்லை என்பதே என் எண்ணம். எடுத்துப் பார்த்தால், அதைச் செய்தவனின் வரலாறும் ஊதியவனின் வரலாறும் அதன் உடலிலேயே பதிந்திருப்பது தெரியும்.

எக்காளத்தையே எடுத்துக்கொள்வோம். நான் குறிப்பது மேனாட்டு ட்றம்பெற்றை. 1623ஆம் ஆண்டு பேரரசன் இரண்டாம் ஃபெர்டினாந்து, எக்காளம் ஊதுவோருக்கும் பேரிகை முழக்குவோருக்கும் ஒரு சிறப்புரிமைப் பட்டயம் வழங்கினான். அவர்கள் தனித் தொழிற்குழாமாக அமைந்தனர். குழாத்தில் முறைப்படி பயிலாதவன் எக்காளத்தைத் தொழிலாகக் கொள்ள முடியாது. குழாத்தைச் சேர்ந்தவன் கழைக்கூத்தாடிகளோடும் சாதாரண ஊர் வாத்தியக்காரரோடும் சேர்ந்து ஊதக் கூடாது. அரசனின் மகிமையை அறிவிக்கும் ஒலி சந்தையிலே மலிந்துவிடலாகாது என்பதே இதன் உட்கிடை. எந்த வாத்தியத்தை எவன் தொடலாம், எந்த வாயிலில் எவன் நிற்கலாம் என்று விதி வகுத்த சமூகத்திலே பிறந்த நமக்கு இஃது அவ்வளவு புதுமையாகத் தோன்றாது.

பட்டயத்தின் கண்டிப்பு எல்லா நகரங்களிலும் ஒன்றுபோல இருக்கவில்லை. லைப்சிக் நகரிலே பாஹ் எழுதிய கடினமான எக்காளப் பகுதிகளை ஊதியவர் கொற்ஃபிரீட் ரைஹ என்பவர். அவர் நகரசபையிடம் சம்பளம் பெற்ற ஊர் வாத்தியக்காரர். 1734ஆம் ஆண்டு ஒக்டோபர் 5ஆம் நாள் இரவு, சக்சனியின் அதிபதி போலந்து மன்னனாகத் தெரிவு செய்யப்பட்டதன் ஆண்டு நிறைவுக்காகப் பாஹ் இயற்றிய இசை, மாணவர் ஏந்திய தீவட்டிகளின் நடுவே திறந்த வெளியில் இசைக்கப்பட்டது. மறுநாள் ரைஹ தமது வீட்டுக்கருகே தெருவில் விழுந்து இறந்தார். வயது 67. முன்னிரவு ஊதிய களைப்பும் தீவட்டிப் புகையுமே காரணம் என்று அக்கால நகரக் குறிப்பொன்று கூறுகின்றது. மன்னனின் மகிமையைப் பற்றி எழுதியவர்கள் பலர். அதற்காக எரிந்த புகையை விழுங்கிய கிழவரைப் பற்றி எழுதியவன் நல்லவேளையாக ஒருவனாவது இருந்தான்.

ரைஹ ஊதிய எக்காளத்துக்கு விசை எதுவும் கிடையாது. அது வெறும் வளைந்த குழாய். உதட்டின் இறுக்கத்தாலும் மூச்சாலும் மட்டுமே சுரங்களைப் பிரிக்க வேண்டும். கீழ்ஸ்தாயியில் அச்சுரங்கள் எட்ட எட்ட நிற்கும். மேலே ஏற ஏறத்தான் நெருங்கும். ஆகவே ஒரு முழு இராகத்தைப் பாட வேண்டுமானால் உயரத்திலே, உரத்தே பாடியாக வேண்டும். இந்தச் சிறையை உடைத்தது வால்வு. 1818ஆம் ஆண்டு பிரஷ்யாவிலே அதற்கு ஆக்கவுரிமை பெற்றவர்கள் ஹைன்றிக் ஸ்ற்றொல்ற்செல், ஃபிரீட்ரிக் புளூமெல் என்னும் இரு வாத்தியக்காரர்கள். இவர்களுள் புளூமெல், சிலேசியாவின் சுரங்கத் தொழிலாளர் இசைக்குழு ஒன்றிலே ஊதியவர்! எக்காளத்துக்குக் கீழ்ஸ்தாயியிலும் நடுஸ்தாயியிலும், அதாவது மனிதர் பேசும் குரலின் உயரத்திலே, பேச்சுக் கொடுத்ததில் ஒரு சுரங்க வாத்தியக்காரனுக்குப் பங்குண்டு. குளிப்பு மண்டபத்திலே அந்த எக்காளம் ஒலித்தபோது அதனை விருந்தாளி என்று கருத எனக்கு மனம் வரவில்லை.

கிற்றார் என்றதும் நம் நாட்டு வாசகனுக்குப் பைலாப் பாட்டும் திருமண வீடும் நினைவுக்கு வரும். ஐரோப்பாவிலும் நெடுங்காலம் அதன் மதிப்பு ஏறத்தாழ அதுவே. பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயி கிற்றார் பயின்றான் என்பது உண்மையே. ஆனால் அரசன் மீட்டினான் என்பதற்காக நாவிதர் கடையிலே தொங்கிய கிற்றாருக்கு யாரும் மரியாதை செய்யவில்லை. இன்று நாம் காணும் செவ்வியற் கிற்றாருக்கு உடலமைப்பைத் தந்தவர் அன்ரோனியோ தெ தொறெஸ். 1817இல் ஸ்பெயினின் அல்மேரியாப் பகுதியிலே பிறந்தவர். தச்சுத் தொழில் பயின்றவர். கிற்றாரின் ஒலி முழுவதும் அதன் மேற்பலகையிலேயே தங்கியிருக்கிறது என்று அவர் கருதினார். அதனை மெய்ப்பிக்க 1862ஆம் ஆண்டு முதுகையும் பக்கங்களையும் காகிதக்கூழ் அட்டையாற் செய்து, மேற்பலகையை மட்டும் நல்ல மரத்தால் அமைத்து ஒரு கிற்றார் செய்து காட்டினார். அது பார்சலோனா அரும்பொருட் காட்சிச்சாலையில் இருக்கின்றது. இத்தகைய மேதை, கிற்றார் செய்து பிழைக்க முடியாமல் இடையிலே சில ஆண்டுகள் பீங்கான் கடை நடத்தினார்.

தந்தியின் கதையும் சுவையானது. முன்னர் அது விலங்குக் குடலால் ஆனது. இரண்டாம் உலகப் போரின்போது காயம் தைக்கும் நூலுக்குக் குடல் தேவைப்பட்டதால் வாத்தியத் தந்திக்குப் பஞ்சம் ஏற்பட்டது. நியூயோர்க்கிலே அல்பேர்ட் ஒகஸ்ரின் என்ற கிற்றார்த் தச்சர், கிற்றார் மேதை செகோவியாவின் ஊக்கத்தோடு, நைலோன் இழையைத் தந்தியாக்கினார். இன்று உலகெங்கும் மாணவர் மீட்டும் தந்தி அதுவே.

இனிக் கச்சேரிக்கு வருவோம். எக்காளம் ஊதியவர் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். கிற்றார் வாசித்தவர் அவரைவிடச் சற்று மூத்த ஆண். ஒலிவாங்கி வைக்கப்படவில்லை. கேட்க வந்தோர் நூறு பேர் இருக்கலாம். பெரும்பாலோர் ஓய்வூதியம் பெறும் வயதினர், ஒரு சில மாணவர். கிற்றார்க் கலைஞர் முன்னே அமர்ந்திருந்தார். அந்தப் பெண் அவருக்கு ஓரடி பின்னே, எக்காளத்தின் வாயைச் சபையின் பக்கம் நீட்டாமல் பக்கச் சுவரை நோக்கித் திருப்பியவாறு நின்றார். முதலில் வாசித்தது வயலினுக்கு எழுதப்பட்ட பழைய இத்தாலிய ஸொனாட்டா ஒன்றின் மாற்றுருவம். அது ஒழுங்காக இருந்தது. அதற்கு மேல் அதைப்பற்றிச் சொல்ல என்னிடம் எதுவுமில்லை. இந்த இணைக்கென்றே எழுதப்பட்ட இசை மிகக் குறைவு. ஆகவே வயலினுக்கும் புல்லாங்குழலுக்கும் மனிதக் குரலுக்கும் எழுதியதையே பெரும்பாலும் கடன் வாங்க வேண்டியிருக்கின்றது.

எக்காளத்தை உரத்து ஊதுதல் சில மாதம் பயின்ற சிறுவனுக்கும் கைவரும். மெல்ல ஊதுவதுதான் ஆண்டுக்கணக்கான உழைப்பைக் கேட்பது. உதடுகள் அதிர்வதை நிறுத்திவிடும் எல்லைக்கு ஒரு மயிரிழை இப்பால் மூச்சைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். சற்றே தளர்ந்தால் சுரம் உடைந்து வெறுங்காற்று வரும். சற்றே மிகுந்தால் பக்கத்திலிருப்பவனின் பாட்டு அழிந்துவிடும். கிற்றாரின் இடர்ப்பாடு வேறு. அதன் சுரம் பிறந்த கணத்திலிருந்தே இறக்கத் தொடங்குகின்றது. மீட்டிய பிறகு அதனை வளர்க்க எந்த வழியுமில்லை. எக்காளமோ மெல்லத் தொடங்கி வளர்ந்து மீண்டும் மெலியலாம். அன்று நான் கவனித்தது யாதெனில், கிற்றாரின் சுரம் தேயும் வேகத்தைக் கணக்கிட்டு அந்தப் பெண் தமது சுரத்தையும் தேய்த்தார் என்பதே. இருவரும் ஒரே அளவாக ஒலித்தார்கள் என்று சொன்னால் பொய்யாகும். எக்காளம் எப்போதும் ஒரு பங்கு மேலேதான் நின்றது. ஆனால் எந்த இடத்திலும் கிற்றார் கேட்காமற் போகவில்லை.

இடைவேளையிலே ஒரு மாணவன், ஒலிவாங்கி ஒன்றை வைத்திருந்தால் இத்தனை சிரமம் வேண்டாமே என்று என்னிடம் சொன்னான். அவன் சொன்னதில் நியாயம் உண்டு. இரண்டாயிரம் பேர் அமரும் மண்டபத்திலே, முழு வாத்தியக் குழுவோடு கிற்றார் வாசிப்போர் பலர் ஒலிபெருக்கியைப் பயன்படுத்தவே செய்கின்றனர், அதிற் பாவமொன்றுமில்லை. சிறு அறையிலே கதை வேறு. மெலிந்தவனை உரக்கக் கத்த வைத்தால், வலியவன் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டிய தேவையே எழாது. இதனை நான் அவனிடம் சொன்னபோது, 'இது இசையா அரசியலா?' என்று கேட்டான். நல்ல கேள்வி. விடை சொல்லுமுன் மணி அடித்துவிட்டது.

இடைவேளைக்குப் பின் வாசித்ததே அன்றைய கச்சேரியின் உயிர்; மனுவேல் தெ ஃபாலாவின் ஏழு ஸ்பானிய நாட்டுப் பாடல்கள். ஃபாலா 1876இல் காடிஸ் நகரிலே பிறந்தவர். 1907 முதல் ஏழாண்டுகள் பாரிஸிலே வறுமையோடு வாழ்ந்து, 1914இல் இப்பாடல்களை மனிதக் குரலுக்கும் பியானோவுக்குமாக அமைத்தார். 1915 ஜனவரியில் இவை மாட்றிட்டிலே அரங்கேறின. மெட்டுகளிற் பெரும்பாலானவை மக்களுடையவை. அச்சில் வந்த நாட்டுப் பாடற் தொகுதிகளிலிருந்து எடுத்தவை. பியானோப் பகுதி ஃபாலாவினுடையது. அந்தப் பியானோப் பகுதியைக் கூர்ந்து கேட்டால் பல இடங்களில் அது கிற்றாரைப் போல நடிப்பது தெரியும். தந்தியை மீட்டும் விரல்களின் அசைவையே பியானோக் கட்டைகளில் எழுதியிருக்கிறார் அவர். ஆகவே இப்பாடல்களைக் கிற்றாருக்கு மாற்றுவது, கடன் கொடுத்த பொருளைத் திரும்பப் பெறுவது போன்றது. கற்றலோனியக் கிற்றார்க் கலைஞர் மிகேல் யோபெற் இதனை நெடுங்காலத்துக்கு முன்பே செய்திருந்தார்.

குரலின் இடத்தை எக்காளம் ஏற்பதுதான் சிக்கல். பாட்டிலே மெட்டு மாத்திரமா இருக்கிறது? முதற் பாட்டு, கடையிலே விரித்த நயமான துணியில் கறை பட்டுவிட்டதால் அது குறைந்த விலைக்கே போகிறது என்று சொல்வது. துணி யார், கறை எது என்பதைக் கிராமத்துப் பெண்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பெண்ணுக்கு விலை குறிக்கும் சமூகத்தை நாலு அடியில் குத்திக் காட்டும் பாட்டு அது. அன்று கையிற் கொடுத்த நிகழ்ச்சித் தாளிலே இசையமைத்தவரின் பிறந்த ஆண்டு இருந்தது. கலைஞர் பெற்ற பரிசுகள் வரிசையாக இருந்தன. பாடல்களின் பொருள் ஒரு வரிகூட இல்லை. கேட்டோர் சிரித்த முகத்தோடு கைதட்டினர். மெட்டு அவ்வளவு உல்லாசமாக இருந்தது. பொருள் தெரிந்திருந்தால் அந்த உல்லாசத்தின் கசப்பும் தெரிந்திருக்கும். மக்களின் பாட்டை மண்டபத்துக்குக் கொண்டுவருவோர் மக்களின் சொல்லை வாயிலிலே விட்டுவிட்டு வருகிறார்கள் என்ற குற்றச்சாட்டு இங்கே முற்றிலும் பொருந்தும். ஒரு தாள் அதிகமாக அச்சடித்திருந்தால் போதும். மூன்றாம் பாட்டு, துயருற்றவர் ஆறுதல் தேடிப் பைன் மரத்திடம் செல்ல, மரமும் சேர்ந்து அழுவதைச் சொல்வது. அதிலே கிற்றார் ஓயாமல் ஒரே அசைவில் ஓடிக்கொண்டிருக்க, எக்காளம் அசையாமல் நின்றது. சொல்லின்றியே பாதி பொருள் விளங்கிற்று.

ஐந்தாவது பாட்டு ஒரு தாலாட்டு. அந்தப் பெண் கிண்ணம் போன்ற அடைப்பொன்றை எக்காளத்தின் வாயிலே செருகினார். வாத்தியக்காரர் இதனை மியூட் என்பர். பித்தளையின் கூர்மை முழுவதும் மறைந்து, மூடிய கதவுக்கு அப்பாலிருந்து யாரோ பாடுவது போன்ற குரல் எழுந்தது. குதிரைப் படையை முன்னே செல்லப் பணித்த கருவி, பட்டயம் பெற்று அரசனின் வாயிலில் நின்ற கருவி, ரைஹ என்ற கிழவரைக் கொன்ற கருவி, ஒரு குழந்தையை உறங்கச் சொல்லிற்று. கிற்றாரின் தாளம் தொட்டிலைப் போல ஒரு கணம் பிந்தியே அசைந்தது. என் அருகே அமர்ந்திருந்த முதியவர் தலையைக் குனிந்து கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூரையிலே சங்கிலிகள் அசையாமல் தொங்கின. இப்பாட்டுக்குச் சொல் வேண்டும் என்று மாத்திரம் எனக்குத் தோன்றவேயில்லை. தாலாட்டின் சொல்லைக் குழந்தையும் அறியாதல்லவா?

ஃபாலாவை முற்போக்காளர் என்று பெருமை பேச நான் முனையவில்லை. அவர் ஆழ்ந்த கத்தோலிக்கர். அரசியலை விட்டு ஒதுங்கி நின்றவர். ஆயினும் 1922ஆம் ஆண்டு கிரனாடாவிலே, ஆந்தலூசியாவின் ஏழை மக்கள் பாடிவந்த ஆழ்பாடல்களுக்கு ஒரு பெரும் போட்டி நடத்த முன்னின்றவர் அவரே. அவரோடு தோள் நின்ற இளைஞன் கவிஞன் லோர்க்கா. 1936 ஓகஸ்டிலே லோர்க்காவைப் பிராங்கோவின் ஆதரவாளர்கள் சுட்டுக் கொன்றனர். அவனைக் காப்பாற்ற ஃபாலா, அச்சம் மிகுந்த சுபாவமுடைய அந்த நோயாளி, தாமே அதிகாரிகளிடம் சென்றார், பயனில்லை. 1939இல் ஸ்பெயினை விட்டு ஆர்ஜென்ரீனா சென்றவர் திரும்பவேயில்லை. 1946இல் அங்கேயே இறந்தார். கட்சிச் சீட்டு வைத்திருந்தோர் பலர் வாயடைத்திருந்த நேரத்திலே அவர் சென்றார் என்பதை நம் விமர்சகர்கள் கணக்கிலெடுக்க வேண்டும்.

இறுதியாக வாசித்தது ஆர்ஜென்ரீனாவைச் சேர்ந்த பியஸொல்லாவின் 'தாங்கோவின் வரலாறு'. புல்லாங்குழலுக்கும் கிற்றாருக்குமாக 1980களிலே எழுதப்பட்ட நான்கு பகுதிகள்: 1900ஆம் ஆண்டின் விபசார விடுதி, 1930இன் காப்பிக்கடை, 1960இன் இரவு விடுதி, பின்னர் இன்றைய கச்சேரி மண்டபம். துறைமுக நகரின் இழிந்த தெருவிலே பிறந்த இசை படிப்படியாக மண்டபம் ஏறிய கதையை இசையே சொல்கின்றது. வேடிக்கை என்னவெனில், நான்கினுள் மிகவும் உயிரற்றதாக எனக்குத் தோன்றியது கடைசிப் பகுதிதான். இது வாசித்தோரின் குறையன்று. காப்பிக்கடைப் பகுதியில் எக்காளம் இயல்பாகவே பொருந்திற்று. முதற் பகுதியிலே புல்லாங்குழலின் துள்ளலை அதனால் எட்ட முடியவில்லை.

கச்சேரி முடிந்தபின் கலைஞர் இருவரும் தாமே நாற்காலிகளை மடித்து அடுக்கினர். கூட நின்று உதவியபோது சிறிது பேச முடிந்தது. கிற்றார்க்காரர் வாரத்தில் நான்கு நாள் வெவ்வேறு ஊர்களின் இசைப் பள்ளிகளிலே மணிக்கணக்குச் சம்பளத்துக்குக் கற்பிக்கிறார். ஜேர்மனியிலே இப்படிக் கற்பிப்போரைச் 'சுதந்திரத் தொழில் புரிவோர்' என்று பெயரிட்டு, காப்புறுதியும் விடுமுறைச் சம்பளமும் கொடாமல் நடத்துவது நெடுநாள் வழக்கம். 2022 யூன் மாதம் அந்நாட்டுக் கூட்டாட்சிச் சமூக நீதிமன்றம், நகராட்சி இசைப் பள்ளியொன்றில் அவ்வாறு கற்பித்த பியானோ ஆசிரியை ஒருவரை ஊழியராகவே கொள்ள வேண்டும் எனத் தீர்த்தது. நமது ஆசிரிய நண்பர்கள் இச்செய்தியைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

அந்தப் பெண்ணிடம், இவ்வளவு மெல்ல ஊத எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். புகழ்பெற்ற குரு ஒருவரின் பெயரை எதிர்பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டு, தாம் குடியிருக்கும் மாடிக் கட்டடத்தின் சுவர்கள் மிக மெல்லியவை என்றார். அடுத்த வீட்டிலே வைத்தியசாலைத் தாதியொருவர் இருக்கிறார். இரவு முழுவதும் வேலை செய்து பகலிலே உறங்குபவர். அவர் உறங்கும் வேளையிலேயே தமக்குப் பயிற்சிக்கு நேரம் கிடைப்பதால் மியூட்டைச் செருகிக்கொண்டு ஊதிப் பழகினாராம். அந்தத் தாலாட்டையும் அப்படித்தான் பயின்றாராம். தாதி கச்சேரிக்கு வந்திருக்கிறாரா என்று கேட்டேன். இல்லை, இன்றைக்கும் அவருக்கு இரவு வேலை என்றார்.